ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? கழற்றித் திருப்பிப் பூட்டுவது தீர்வல்ல

புதுக்குடியிருப்பைச் சேர்ந்த அண்ணா ஒருவர் வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். அவரது ஓட்டங்களில் பெரும்பாலானவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு கிளினிக் போகிறவர்களை ஏற்றிச் செல்வதுதான். செய்தி சேகரிக்கப் போகும் நாட்களில் இடம் இருந்தால் நானும் அந்தக் காரில் ஏறிக்கொள்வேன். 2009இல் பட்ட செல் துண்டு ஒன்று அவரது இடது தோளில் இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு பாதிக்கப்படலாம் என்று வைத்தியர்கள் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்.

கடந்த வருடம் அந்தத் தோளில் நோவு கூடியது. பரந்தன் சந்தியில் ஏ9 வீதிக்கு ஏறி ஆனையிறவு தாண்டுவதற்குள் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து உதறத் தொடங்கிவிடுவார். நோ மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு நாள், "தம்பி, இந்தத் தோள் இனிக் கார் ஓட விடாது போலக் கிடக்கு. காரை வித்துப்போட்டு வேற ஏதும் பாக்கவேணும்" என்றார். லீசிங் கட்டி முடியாத கார் அது. வீட்டில் உழைப்பவரும் அவர் ஒருவர்தான்.

பிறகுதான் தெரிந்தது, பிழையில் பெரும்பகுதி காரில் இருந்தது என்று. ஒரு கோணல் ஸ்டியரிங்கைத் தவறான முறையில் 'நிமிர்த்தியதால்' அந்தப் பிழை மாதக்கணக்கில் மறைந்து கிடந்தது. அதைத் தேடிப் போனபோது நான் பார்த்ததையும் கேட்டுப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இது பயன்படும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே எங்கள் வீதிகளில் ஓடுபவை அநேகமாகப் பழைய கார்கள்தான்.

என்ன நடந்தது?

அவரது கார் ஒரு பழைய விட்ஸ். மழைக்காலத்தில் நீர் நிறைந்த ஒரு பள்ளத்தில் முன் இடது சக்கரம் பலமாக விழுந்து எழும்பியது. அதற்குப் பிறகு நேரான வீதியில் போகும்போதும் ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியபடியே நின்றது. கடிகாரத்தில் 12 மணிக்கு நேராக நிற்கவேண்டியது 1 மணிக்கு நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரும் இடப்பக்கம் இழுத்தது.

ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்டியரிங் வீலைக் கழற்றி, அச்சுத் தண்டின் பற்களில் சற்றுத் திருப்பி, நேராக நிற்கும்படி பூட்டிக் கொடுத்தார்கள். அரை மணித்தியால வேலை. பார்வைக்கு ஸ்டியரிங் நேராகிவிட்டது.

ஆனால் மூன்று விடயங்கள் புதிதாக வந்தன. ஒரு பக்கம் திரும்பிய பிறகு சிக்னல் தானாக நிற்கவில்லை. டாஷ்போர்டில் எயார்பேக் விளக்கு அணையாமல் எரிந்தது. சில மாதங்களில் முன் டயர்கள் இரண்டும் உள் ஓரத்தில் தேய்ந்து, இடது டயரில் கம்பியே தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நல்லதுபோல இருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, குனிந்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். அந்த டயருடன்தான் அவர் நோயாளர்களை ஏற்றிக்கொண்டு ஏ9இல் ஓடியிருக்கிறார்.

இழுப்பது வேறு, கோணல் வேறு

டயரைப் பார்த்துப் பயந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் வயதான மெக்கானிக் ஐயா ஒருவரிடம் போனோம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்துப் பழகியவர். அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "கார் இழுக்குதோ, இல்லாட்டி ஸ்டியரிங் மட்டும் கோணலோ?"

இரண்டையும் நாம் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். ஆனால் காரணங்கள் வேறு.

ஸ்டியரிங் கோணலாக இருந்தும், கையைத் தளர்த்தினால் கார் நேராகவே போகிறது என்றால், பிழை அநேகமாக முன் சக்கரங்களின் திசையில் இருக்கும். இடது, வலது சக்கரங்களை ஸ்டியரிங் பெட்டியுடன் இணைக்கும் டைரொட் தண்டுகளின் நீளம் சரியாகப் பங்கிடப்படவில்லை என்று அர்த்தம். பின் அச்சு சற்றுக் கோணலாக இருந்தாலும் இதே குறி தெரியும்.

கையைத் தளர்த்தியதும் கார் ஒரு பக்கம் ஓடுகிறது என்றால் அது இழுப்பு. இதற்கு முதலில் டயர் காற்றைப் பாருங்கள். இரண்டு முன் டயர்களிலும் காற்று வேறுபட்டால் குறைந்த பக்கம் இழுக்கும். அடுத்தது டயரேதான். முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓடிப்பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். ஒரே திசையில் சுழலவேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் அப்படி மாற்றக்கூடாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பார்க்கவேண்டும். ஓடி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் இறுகி நிற்கிறது. சக்கரத்தைத் தொடவேண்டாம், கையைக் கிட்டக் கொண்டுபோனாலே சூடு தெரியும்.

இன்னொன்றும் உண்டு. மழைநீர் வடிவதற்காக வீதிகளை நடுவில் உயர்த்தி, ஓரம் தாழ்த்திப் போடுகிறார்கள். நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால் எந்தக் காரும் மெல்ல மெல்ல இடப்பக்கம் சரியும். அது பிழையல்ல. அதனால் சோதனையைச் சமதரையான, வாகனம் இல்லாத இடத்தில் செய்யவேண்டும்.

அண்ணாவின் காரில் இரண்டு பிழையும் சேர்ந்தே இருந்தன. முதல் கராஜ் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் மறைத்துவிட்டது.

மூன்று சாய்வுகள்

வீல் எலைன்மன்ட் என்பது சக்கரங்கள் நிற்கவேண்டிய கோணங்களைச் சரிபார்ப்பது. மூன்று சொற்கள் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது டோ. மேலேயிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருக்கின்றனவா, வெளியே விரிந்திருக்கின்றனவா என்பது. எங்கள் கால்களைப் போலத்தான்: பாதங்கள் உள்நோக்கினால் டோ இன், வெளிநோக்கினால் டோ அவுட். சிறிய கார்களில் இரு சக்கரங்களின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக ஓரிரு மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும்.

இந்தச் சிறு அளவு என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 58 சென்ரிமீற்றர் விட்டமுள்ள டயர்களில் மொத்தம் 3 மில்லிமீற்றர் பிழை இருந்தால், ஒவ்வொரு முன் டயரும் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஏறக்குறைய இரண்டரை மீற்றர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். ஒரு முறை போய்ச் சேர்வதற்குள் டயர் ஒரு கிலோமீற்றர் தூரம் தாரில் பக்கவாட்டாக இழுபட்டிருக்கும். டயர் தேய்வது இப்படித்தான்.

இரண்டாவது கம்பர். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. இது பிழைத்தால் டயரின் ஒரு ஓரம் தேயும்.

மூன்றாவது காஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு மேலே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். இரு பக்கமும் இது வேறுபட்டால், காஸ்டர் குறைந்த பக்கம் கார் இழுக்கும்.

சாதாரண சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் திருகிச் சரிசெய்யக் கூடியது முன் சக்கரங்களின் டோ மட்டுந்தான். கம்பரும் காஸ்டரும் பிழைத்திருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அந்தப் பாகத்தைக் கண்டுபிடிக்காமல் மெஷினில் ஏற்றி எத்தனை தடவை எலைன்மன்ட் செய்தாலும் காசுதான் வீண்.

ஐயா கண்டுபிடித்த விதம்

அவர் மெஷினுக்குப் போகவில்லை. முன்பக்கத்தை ஜக் போட்டு உயர்த்தி, தாங்கிகளில் நிறுத்தினார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முட்டும் வரை திருப்பினார். அங்கிருந்து வலப்பக்கம் முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணினார். அதில் சரிபாதியைத் திரும்பி வந்து நிறுத்தினார். அதுதான் ஸ்டியரிங் பெட்டியின் உண்மையான நடு. அந்த இடத்தில் ஸ்டியரிங் வீல் நேராக நிற்கவேண்டும். நிற்கவில்லை, இடப்பக்கம் கோணலாக நின்றது.

"இதை ஆரோ கழட்டிப் பூட்டியிருக்கினம்" என்றார் உடனே. அண்ணா அதுவரை அந்தக் கதையை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இந்தச் சோதனையை யாரும் செய்யலாம். பழைய கார் வாங்கும்போதும் செய்துபார்க்கலாம்.

பிறகு சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து, 9 மணி, 3 மணி இடங்களில் ஆட்டினார். அங்கே ஆட்டம் இருந்தால் டைரொட் முனை தேய்ந்திருக்கும். 12 மணி, 6 மணி இடங்களில் ஆட்டினார். அங்கே ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ட் அல்லது பெயாரிங். இரண்டிலும் பெரிய பிழை இல்லை. ரோர்ச் அடித்து லோவர் ஆமைப் பார்த்தபோது விடை கிடைத்தது. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் அந்தக் கையின் இறப்பர் புஷ் இடப்பக்கம் கிழிந்திருந்தது.

புஷ் கிழிந்ததால் இடது சக்கரம் சற்றுப் பின்னால் போயிருக்கிறது. காஸ்டர் குறைந்தது, கார் இடப்பக்கம் இழுத்தது. சக்கரத்தின் திசையும் வெளியே விரிந்தது. இரண்டு சக்கரமும் வீதியில் சமமாகப் பங்கிட்டு ஓடவேண்டும் என்பதால், அதை ஈடுசெய்ய ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பி நின்றது. உள் ஓரங்கள் தேய்ந்தன.

ஐயா அண்ணாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்கட தோளில என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியாது. ஆனா கார் இடப்பக்கம் இழுக்குது. இவ்வளவு மாதமும் அதை நிமித்திப் பிடிச்சுக்கொண்டு ஓடினது உங்கட இடது கைதான்."

அண்ணா எதுவும் பேசவில்லை. நோவு கூடியதும் தன் உடம்பைத்தான் அவர் சந்தேகித்தார். எங்களில் பலர் அப்படித்தான். யுத்தத்தில் பட்ட காயம் ஒன்று இருந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லா நோவையும் அந்தக் காயத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். வேறு காரணம் இருக்குமோ என்று தேடுவதில்லை.

ஏன் கழற்றித் திருப்பக்கூடாது?

ஸ்டியரிங் வீலின் நேர் நிலை பல விடயங்களுடன் கட்டப்பட்டிருக்கிறது. சிக்னலைத் தானாக நிறுத்தும் பகுதி அந்த நடுவை வைத்தே வேலை செய்கிறது. எயார்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா வீலுக்குப் பின்னால் இருக்கிறது. நடு தவறினால் ஒரு பக்கம் அதிகம் இழுபட்டு அறுந்துவிடும். அண்ணாவின் காரில் நடந்தது அதுதான். எயார்பேக் விளக்கு எரிந்தபடி ஓடும் காரில், விபத்து நேர்ந்தால் எயார்பேக் விரியும் என்று நம்பமுடியாது. புதிய கார்களில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் சென்சர் உண்டு. சறுக்கலைத் தடுக்கும் தொகுதி அதை நம்பியே பிரேக்கைக் கட்டுப்படுத்துகிறது.

எயார்பேக் உள்ள வீலைக் கழற்றுவதே ஆபத்தான வேலை. பற்றரியைக் கழற்றி, குறித்த நேரம் காத்திருந்து, தெரிந்தவர் மட்டும் செய்யவேண்டும். முன்பு யாராவது பிழையாகப் பூட்டியிருந்தால், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் கழற்றலாம். எங்கள் காரில் ஐயா அதைத்தான் செய்தார்.

சரியான ஒழுங்கு

முதலில் தேய்ந்த பாகம் மாற்றப்பட்டது. இரு பக்க புஷ்களும் புதிதாகப் போடப்பட்டன. எயார்பேக் நாடா மாற்றப்பட்டது. வீல் அதன் உண்மையான நடுவுக்கு வந்தது. முன் டயர்கள் இரண்டும் மாற்றப்பட்டன. அதன் பிறகே கணினி எலைன்மன்ட் உள்ள இடத்துக்குப் போனோம்.

அங்கே கவனிக்கவேண்டியவை இவை:

1. டயர்களின் காற்றை முதலில் சரிபார்க்கவேண்டும். எவ்வளவு என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டிக்கியில் சாமான் வேண்டாம்.

2. நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். கார் போகும் திசையைத் தீர்மானிப்பது பின் சக்கரங்கள்தான். பின் அச்சு கோணலாக இருந்தால், அதை அளக்காமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்து ஸ்டியரிங்கை நேராக்கமுடியாது. பல சிறிய கார்களில் பின்பக்கம் திருகிச் சரிசெய்யும் வசதி இல்லை. ஆனாலும் அதன் அளவு தெரிந்தால்தான் முன்பக்கத்தை அதற்கேற்ப வைக்கலாம்.

3. எஞ்சினை இயக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் சற்று ஆட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, அசையாமல் பூட்டுக் கம்பி போடவேண்டும். அதற்குப் பிறகே டைரொட் நட்டுகளைத் தளர்த்தவேண்டும். பூட்டாமல் செய்தால் எண்கள் பச்சையாக வரும், ஸ்டியரிங் மறுபடி கோணலாகவே நிற்கும்.

4. டோவை இரு பக்கமும் திருகிச் சரிசெய்யவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகி மொத்த அளவைச் சரியாக்கினால் டயர் தப்பும், ஸ்டியரிங் நேராகாது. டோ சரியாக இருந்து ஸ்டியரிங் மட்டும் கோணல் என்றால், ஒரு பக்கத் தண்டை நீட்டும் அளவுக்கு மற்றப் பக்கத் தண்டைக் குறைக்கவேண்டும். அப்போது மொத்த டோ மாறாது, நடு மட்டும் நகரும்.

5. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுக் கேளுங்கள். காசு கொடுக்கும் முன் ஓடிப்பாருங்கள். சென்சர் உள்ள கார் என்றால் ஸ்கானரில் நடு நிலையை மீளப் பதிந்தார்களா என்று கேளுங்கள்.

மெஷின் இல்லாத ஊர்களில் என்ன செய்வது என்றும் ஐயாவிடம் கேட்டேன். முன் சக்கரத்தை உயர்த்திச் சுழற்றி, டயரின் நடுவில் சோக் பூசி, அசையாமல் பிடித்த ஆணியால் சுற்றிவர ஒரு மெல்லிய கோடு இழுப்பாராம். இரு பக்கமும் அப்படிச் செய்து, காரை இறக்கி, சற்று முன்பின் உருட்டிவிட்டு, சக்கரத்தின் நடு உயரத்தில் கோட்டுக்குக் கோடு முன்னாலும் பின்னாலும் அளப்பார். வித்தியாசம்தான் டோ. பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூல் கட்டி ஒவ்வொரு சக்கரமும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பார்ப்பார். "மெஷின் செய்யிறதும் இதைத்தான். அது தசமத்தில சொல்லும்" என்றார். கம்பரையும் காஸ்டரையும் இந்த முறையில் அளக்கமுடியாது. ஆனால் டயரைத் தின்னும் பெரிய பிழையை இதில் பிடித்துவிடலாம்.

நீங்களே செய்யக்கூடியது

மாதத்துக்கு ஒரு தடவை முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் கூராகவும் இருந்தால் டோ பிழை. கம்பி வெளியே தெரியும் டயரில் கை வைக்கவேண்டாம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. உள் ஓரத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

எலைன்மன்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் போகும். இரண்டு டயரின் விலை அதன் பல மடங்கு. ஓட்டத்தில் டயர் வெடித்தால் போவது காசு மட்டுமல்ல.

வேலை முடிந்த அடுத்த கிழமை மறுபடி அவருடன் யாழ்ப்பாணம் போனேன். பின் ஆசனத்தில் கிளினிக் கொப்பியுடன் ஒரு அம்மா இருந்தார். ஆனையிறவில் அண்ணாவின் இடது கை ஸ்டியரிங்கின் மேல் சும்மா கிடந்தது. தோள் எப்படி என்று கேட்டேன்.

"நோகுது தம்பி. ஆனா இது பழைய நோ. இதோட எனக்கு ஓடலாம்" என்றார். காரை விற்கும் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை.